தீர்த்தன் ஆற்றில் முதல் ட்ரவுட்: ஃப்ளை ஃபிஷிங் தொடங்குபவர்களுக்கு

குளத்தங்கரையில் மண்புழு கோத்து, தக்கை அமிழ்கிறதா என்று பார்த்துக்கொண்டே கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகிய கை என்னுடையது. அந்தப் பழக்கத்தோடு, குளிர்ந்த மலை ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனை ஃப்ளை ஃபிஷிங் முறையில் பிடிக்க, இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றுக்குப் போனேன். முதல் இரண்டு நாள் ஒரு மீன்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் என் கையிலிருந்த கோலை வாங்கிப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு, "முதல்ல தண்ணிக்குள்ள இருக்கிற கல்லைப் புரட்டிப் பாரு" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு மீன் வந்தன. அவர் சொல்லித் தந்ததையும் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சி. கையில் வைத்தால் கனமே தெரியாது. அதைத் தனியாக எறிய முடியாது. அதனால் இதில் கனம் கயிற்றில் இருக்கிறது. தடித்த, வழவழப்பான, தண்ணீரில் மிதக்கும் கயிறு. நாம் வீசுவது அந்தக் கயிற்றைத்தான். பூச்சி அதன் பின்னாலேயே போகும். இது மனதில் பதிந்துவிட்டால் வீச்சு பாதி வந்துவிட்ட மாதிரி.

எப்போது, எப்படிப் போவது

தீர்த்தன், குல்லு மாவட்டத்தில் கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவின் பனிமலைகளில் பிறந்து, லார்ஜி அருகே பியாஸ் ஆற்றில் சேர்கிறது. அந்தப் பூங்கா 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, ஔட் என்ற ஊரில் சுரங்கச் சாலைக்கு முன்பே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து பஞ்சார் வழியாக குஷைனி. ஆற்றங்கரையிலேயே தங்கும் வீடுகள் இருக்கின்றன.

நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன்பிடிக்கத் தடை. பிரவுன் ட்ரவுட் முட்டையிடும் காலம் அது. மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். மே கடைசியில் பனி உருகித் தண்ணீர் கலங்க ஆரம்பிக்கும். ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம். 2023 ஜூலை வெள்ளம் குல்லு மாவட்டத்தை என்ன பாடுபடுத்தியது என்பதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மாதத்தில் ஆற்றில் காலை வைக்கச் சொல்ல மாட்டார்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான். மழை ஓய்ந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போலத் தண்ணீர் தெளிந்திருக்கும்.

மாநில மீன்வளத் துறையின் லைசென்ஸ் கட்டாயம். எங்கே வாங்குவது என்று தங்கும் வீட்டிலேயே சொல்வார்கள். எத்தனை மீன், எந்த அளவு என்ற விதிகளை முழுதாகப் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் நுழைய அனுமதி தனி.

என்னென்ன வாங்க வேண்டும்

கடைக்காரர் காட்டுவதையெல்லாம் வாங்காதீர்கள். 9 அடி நீளம், 5 வெயிட் (எந்தக் கனமுள்ள கயிற்றுக்கான கோல் என்பதைச் சொல்லும் எண்), நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய கோல் ஒன்று. அதே எண்ணுக்குப் பொருந்தும் மிதக்கும் கயிறு. ரீல் சாதாரணமானது போதும், இந்த ஆற்று மீனுக்கு அதன் வேலை கயிற்றைச் சுற்றி வைப்பதுதான். கயிற்றின் நுனியில் கட்ட, போகப் போக மெலியும் 9 அடி நரம்பு, அதாவது லீடர். அதன் முனையில் கட்ட 5எக்ஸ் டிப்பெட் நரம்பு. இதில் எண் கூடக் கூட நரம்பு மெல்லியது. முள்ளும் அப்படித்தான், 16-ஆம் எண் 14-ஐவிடச் சிறியது. பிறகு முனை மழுங்கிய ஒரு ஃபோர்செப்ஸ் (இடுக்கி), போலராய்டு கண்ணாடி. கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். தண்ணீரின் பளபளப்பை வெட்டிக் கீழே நிற்கும் மீனைக் காட்டுவதும், பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுதான்.

பூச்சிகளில் மூன்று வகை போதும்: தண்ணீர் மேல் மிதக்கும் எல்க் ஹேர் கேடிஸ், ஆடம்ஸ், தலையில் மணி வைத்த, தண்ணீருக்குள் அமிழும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். 14, 16 அளவுகளில் வகைக்கு ஆறு. ஒவ்வொரு முள்ளிலும் உள்ள எதிர்முள்ளை ஃபோர்செப்ஸால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பது சுலபமாகும், உங்கள் காதில் ஏறினாலும் வலிக்காமல் கழன்று வரும்.

ஊரிலேயே பழகுங்கள்

மொட்டை மாடியோ பள்ளி மைதானமோ போதும். முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டுங்கள். முன்னால் 25 அடி கயிறு கிடக்கட்டும். உங்கள் பக்கவாட்டில் ஒரு கடிகார முகம் இருப்பதாகவும் தலைக்கு நேர் மேலே 12 மணி என்றும் நினைத்து, 10 மணியிலிருந்து 1 மணி வரை கோலைச் சட்டென்று தூக்கி நிறுத்துங்கள். கயிறு பின்னால் முழுதாக நீளும் வரை பொறுத்து, பிறகு முன்னால் கொண்டுவந்து 10 மணியில் நிறுத்துங்கள். பொறுக்காமல் முன்னால் இழுத்தால் சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்கும். ஆற்றில் அந்தச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் பூச்சி அறுந்து போயிருக்கும். மணிக்கட்டை மடக்காமல் முன்கையால் வீசுங்கள்.

மலை ஆற்றில் இதைவிட உதவுவது ரோல் காஸ்ட். முதுகுக்குப் பின்னால் பாறையும் மரமும் நெருக்கும்போது கயிற்றைப் பின்னால் வீச இடம் இருக்காது. கோலை மெதுவாக 1 மணிக்குத் தூக்குங்கள், கயிறு தோளுக்குப் பின்னால் தொட்டில் போலத் தொங்கட்டும், ஒரு கணம் நிறுத்தி, ஆணி அடிப்பது போல முன்னால் சொடுக்குங்கள். கயிறு சுருண்டு உருண்டு போய் விரியும். இதற்குத் தண்ணீரின் பிடிப்பு வேண்டும் என்பதால் ஏரிக்கரையில் பழகுவது நல்லது.

நாளுக்கு இருபது நிமிடம், இரண்டு வாரம். நான் இதைச் செய்யாமல் போனதால்தான் அந்த இரண்டு நாளும் வீணாயின.

கல்லைப் புரட்டுங்கள்

ஆற்றுக்கு வந்ததும் கோலைக் கீழே வையுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில், இரண்டு கையளவு கல் ஒன்றை எடுத்துத் திருப்புங்கள். முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஈரம் மினுங்கும், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்தால் அந்த ஈரம் நகரும். நகத்தைவிடச் சிறிய, தட்டையான, பழுப்புப் பூச்சி ஒன்று மூன்று வால் நுனிகளோடு நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும். அது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம், நிம்ஃப் என்பது இதுதான். பக்கத்தில் மணற்குருணைகளை ஒட்டிச் செய்த அரை அங்குலக் குழாய் இருக்கும். லேசாகத் தொட்டால் உள்ளேயிருந்து கரிய தலை எட்டிப் பார்க்கும். அது கேடிஸ் பூச்சியின் புழு.

ட்ரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் இப்படித்தான் கிடைக்கிறது. இப்போது உங்கள் டப்பாவைத் திறந்து, கல்லில் பார்த்த அளவுக்கும் நிறத்துக்கும் கிட்டத்தட்ட வரும் நிம்ஃபை எடுங்கள். மேலே மிதக்கும் எல்க் ஹேர் கேடிஸைக் கட்டி, அதன் முள் வளைவிலிருந்து இரண்டடி டிப்பெட் விட்டு, கீழே நிம்ஃபைக் கட்டுங்கள். கிளிஞ்ச் முடிச்சு போதும்: நுனியை முள்ளின் கண்ணில் நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, முள்ளின் கண்ணருகே உள்ள வளையத்தில் நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். மேலே மிதப்பது நம் தக்கையின் வேலையைச் செய்யும். அது நின்றாலோ அமிழ்ந்தாலோ கீழே கடித்துவிட்டது என்று அர்த்தம். தக்கை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

மீன் நிற்கும் இடம்

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கிப் போனால் நீங்கள் அதன் முதுகுப் பக்கம் வருகிறீர்கள். குனிந்து, நிழல் தண்ணீரில் விழாமல் நடங்கள். கூழாங்கல் உரசும் சத்தம்கூட அதற்குத் தெரியும்.

வேகமாக ஓடும் தண்ணீரில் அது நிற்காது, உடம்பு களைத்துவிடும். பாறைக்குப் பின்னால் அமைதியாக இருக்கும் குழி, பாறைக்கு முன்னால் தண்ணீர் மோதித் தணியும் இடம், வேகமும் மெதுவும் உரசி நுரைக்கோடு போடும் விளிம்பு, இவைதான் அதன் வீடு. நுரைக்கோட்டைப் பாருங்கள். நுரை போகும் வழியில்தான் இரையும் போகிறது.

இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு தூரமாக வீசுவது. நானும் எதிர்க்கரைக்கு வீசிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓடும் வேகத் தண்ணீர் கயிற்றை இழுக்க, பூச்சி படகு போலக் கோடு கிழித்துக்கொண்டு போனது. எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது, மீன் ஓடிவிடும். 15 அடிக்குள் நெருங்குங்கள். கோலை உயர்த்திப் பிடித்து, லீடர் மட்டும் தண்ணீரில் படும்படி வைத்து, நுரை போகும் அதே வேகத்தில் பூச்சியைப் போகவிடுங்கள். ஒரு குழிக்கு ஐந்தாறு வீச்சு போதும், பிறகு இரண்டடி மேலே நகருங்கள்.

தக்கைப் பூச்சி அமிழ்ந்தால் கோல் நுனியைச் சட்டென்று உயர்த்துங்கள். நம் ஊர்த் தூண்டிலில் வெட்டி இழுப்பது போல இழுத்தால் 5எக்ஸ் நரம்பு அறுந்துவிடும்.

காலைக் கவனியுங்கள்

பாசி பிடித்த பாறையில் சாதாரண ஷூ நிற்காது. ஃபெல்ட் அடிப்பாகம் வைத்த ஷூவும் ஒரு ஊன்றுகோலும் வேண்டும். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ சுள்ளிகள் மிதந்து வந்தாலோ மேலே மழை என்று அர்த்தம், உடனே கரையேறுங்கள். கீழே பியாஸில் நிலைமை இன்னும் மோசம். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஹைதராபாத்திலிருந்து வந்த 24 பொறியியல் மாணவர்களை அடித்துக்கொண்டு போனது. அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள், படம் எடுக்கக்கூட.

மீனை விடுவது

ட்ரவுட் இந்த ஆற்றுக்கு வெளியிலிருந்து வந்தது. 1909 வாக்கில் ஹோவெல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி காஷ்மீரிலிருந்து கொண்டுவந்து குல்லுவில் வளர்க்கத் தொடங்கினார். ஆற்றின் சொந்த மீன் அசேலா எனப்படும் பனி ட்ரவுட், பெயரில்தான் ட்ரவுட், உண்மையில் கெண்டைக் குடும்பம். வாய் தலைக்கு அடிப்பக்கம் இருக்கும், செதில் பொடிப்பொடியாக இருக்கும். அது இப்போது அருகி வருகிறது, உங்கள் முள்ளில் வந்தால் கண்டிப்பாக விட்டுவிடுங்கள்.

எந்த மீனானாலும் தொடுமுன் கையை நனையுங்கள். காய்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். தண்ணீரை விட்டு எடுக்காமல் ஃபோர்செப்ஸால் முள்ளைத் திருப்பிக் கழற்றுங்கள். ஒரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, வால் அடியை மற்றக் கையால் தளர்வாகப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வையுங்கள். செவுள் திறந்து மூடுவது தெரியும். என் முதல் பிரவுன் ட்ரவுட் ஒரு சாண் நீளம்தான். பக்கமெல்லாம் செம்புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிர் வளையம். ஒரு நிமிடம் போல என் உள்ளங்கையில் அப்படியே நின்றது. பிறகு வாலில் ஒரு துடிப்பு. கையில் குளிர்ந்த தண்ணீர் மட்டும் இருந்தது.