கோவிட் தரவில் இன வேறுபாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மருத்துவமனைத் தரவை வைத்து இன வாரியாக கோவிட் இறப்பைக் கணக்கிடும் புதியவர்களின் வரைவுகள் என்னிடம் பார்வைக்கு வரும். தசமப்புள்ளி இடம் மாறுவதெல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவை இவை.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை மட்டும் எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு பெண், "மருத்துவமனைக்குள் இறப்பு விகிதம் ஒன்றுதான், ஏற்றத்தாழ்வு இல்லை" என்று முடித்திருந்தார். கணக்கு சரி. முடிவுதான் தப்பு.

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2020இல் வந்த லூசியானா ஆய்வைப் பாருங்கள். ஆக்ஸ்னர் மருத்துவக் குழுமத்தின் நோயாளிகளில் கறுப்பினத்தவர் 31 சதவீதம்தான். ஆனால் கோவிட்டால் உள்நோயாளி ஆனவர்களில் அவர்கள் 76.9 சதவீதம், இறந்தவர்களில் 70.6 சதவீதம். வயது, சேரும்போதிருந்த உடல்நிலை முதலியவற்றைச் சரிக்கட்டினால் (அவற்றால் வரும் வித்தியாசத்தைக் கணக்கில் நீக்கிப் பார்த்தால்), உள்ளே வந்தபின் இறக்கும் அபாயத்தில் வெள்ளையரோடு குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசத்தின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே, யாருக்குத் தொற்றுகிறது, யாருக்கு முற்றுகிறது என்பதிலேயே நடந்து முடிந்திருந்தது. உள்ளே மட்டும் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

அப்புறம், ஒரு தரப்பை லேசான மூச்சிரைப்பிலும் மற்றொன்றை முற்றிய பிறகும் சேர்த்தால், அந்த இரண்டு விகிதங்களை ஒப்பிடவே கூடாது. மக்கள்தொகையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். இல்லாவிட்டால், பரிசோதனை மையம் கேட்கும் பகுதிக்கு, "உங்களுக்குத்தான் வித்தியாசமே இல்லையே" என்று கைவிரிக்க அந்த ஒரு வரி போதும்.

"அந்த வரியை நீக்கிவிட்டால் கட்டுரையில் என்ன சார் மிஞ்சும்?" என்றார் அந்தப் பெண். முதல் அட்டவணை மிஞ்சும் என்றேன். சேர்க்கை எண்ணிக்கை அதில்தான் கிடந்தது.

ஆக்சிமீட்டரை அப்படியே நம்புவது

விரலில் மாட்டும் இந்தக் கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 சதவீதத்துக்குக் கீழே இருக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்களின் 2020 ஆய்வில், கறுப்பின நோயாளிகளிடம் இப்படி நடந்தது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. நோயின் தீவிரத்துக்கு அந்த எண்ணைப் போட்டுச் சரிக்கட்டினால், கருவியின் பிழையும் உங்கள் புள்ளியியல் மாடலுக்குள் வந்துவிடும்.

வயதைச் சரிக்கட்டாமல் விடுவது

அமெரிக்க ஹிஸ்பானியர்கள் வெள்ளையரைவிட இளையவர்கள். கோவிட் முதியவர்களையே அதிகம் கொல்வதால், வெறும் விகிதம் அவர்களின் ஆபத்தைக் குறைத்தே காட்டும்.

'ஆசியர்' என்று ஒரே கட்டம்

அதற்குள் இருக்கும் பிரிவுகளைத் தனித்தனியாகக் காட்டுங்கள்.

இனம் குறிக்காத பதிவுகளைத் தூக்கிவிடுவது

தூக்கியவை எத்தனை என்றாவது எழுதுங்கள்.