செத்த செட்தானே என்று நெம்பாதீர்கள்

நான் முதன்முதலில் பிரித்தது ஒரு 7 அங்குல டேப்லெட். மேலே டச் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி நொறுங்கிக் கிடந்தது. உள்ளே படம் காட்டும் எல்சிடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த எல்சிடியை உருவி வைத்துக்கொள்வதுதான் திட்டம். செத்ததுதானே என்று தட்டை ஸ்குரூ டிரைவரை விளிம்பில் சொருகி நெம்பினேன். கண்ணாடி வந்துவிட்டது. கூடவே எல்சிடியின் கீழ் மூலையில் மை கொட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு. எதை எடுக்க உட்கார்ந்தேனோ அதையே உடைத்துவிட்டேன்.

ரிப்பேருக்கு வந்த போனில் உடைந்த பாகம் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. கழற்றும்போது அது இன்னும் கொஞ்சம் உடைந்தால் நஷ்டமில்லை. பாகம் எடுப்பதற்காகப் பிரிக்கிற போனில் அப்படியில்லை, கழற்றி எடுக்கும் பாகம்தான் நம் சொத்து. ஆனால் நடைமுறையில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். உயிரோடு இருக்கிற செட்டை பூப்போலத் திறக்கிறோம், செத்த செட்டைத் தேங்காய் உடைப்பதுபோல் உடைக்கிறோம். கீழே வருகிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த அலட்சியத்தில் பிறந்தவை.

உண்மையிலேயே செத்துவிட்டதா?

சார்ஜ் ஏறவில்லை என்று பெட்டிக்குள் போன போன்களில் கணிசமானவற்றுக்கு வியாதி ஒன்றுதான்: சார்ஜிங் ஓட்டைக்குள் சட்டைப்பையின் பஞ்சு. மாதக்கணக்கில் கேபிளைச் சொருகிச் சொருகி அந்தப் பஞ்சு அடியில் கெட்டியாக அமுங்கிப்போயிருக்கும். கேபிள் முழுசாக உள்ளே போகாமல் லொடலொட என்று ஆடினால் சந்தேகம் அங்கேதான். டார்ச் அடித்துப் பார்த்து, போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். டைப்-சி ஓட்டையின் நடுவில் இருக்கும் நாக்கு மெல்லியது, அதை வளைத்தால் பொய்யாக இருந்த வியாதி நிஜமாகிவிடும்.

ஒரு வருஷம் அலமாரியில் தூங்கிய டேப்லெட்டை 5 நிமிஷம் சார்ஜரில் போட்டுப் பார்த்து 'டெட்' என்று தீர்ப்பு எழுதுவதும் வழக்கம். பேட்டரி அடியோடு வற்றியிருந்தால் திரையில் எதுவும் தெரிய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கி நடுவில் மாட்டினால் ஊகம் தேவையில்லை. கொஞ்சமாவது கரண்ட் இழுக்கிறது என்றால் காத்திருக்கலாம். பூஜ்யத்திலேயே நின்றால் சார்ஜிங் ஸ்ட்ரிப் (தட்டை கேபிள்), சிசி போர்டு (சார்ஜிங் ஓட்டை இருக்கும் சின்ன போர்டு) பக்கம் பார்க்கலாம். சிம் போட்ட போன் என்றால், திரை கறுப்பாக இருந்தாலும் அதன் நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். அதிர்ந்தாலோ மணி அடித்தாலோ மெயின் போர்டு உயிரோடுதான் இருக்கிறது.

அப்படி உயிரோடு இருக்கிற போர்டைப் பாகங்களாக்கும் முன் உள்ளே இருக்கும் படங்களைப் பற்றி யோசியுங்கள். மெமரி சிப்பை மட்டும் பெயர்த்து வேறு போர்டில் வைத்தால் படம் வந்துவிடும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து சேமிப்பு முழுக்கப் பூட்டுக் குறியீட்டில்தான் (என்கிரிப்ஷன்) இருக்கிறது, அதற்கான சாவி அதே போர்டின் பிராசசரோடு பிணைந்தது. சிப் மட்டும் கிடைத்தால் கையில் இருப்பது வெறும் கல். அதே மாடல் வேறு செட்டின் டிஸ்பிளே காம்போவை (டச்சும் திரையும் சேர்ந்தது) ஒட்டாமல் ஸ்ட்ரிப்பை மட்டும் தற்காலிகமாகச் சொருகி, படங்களைக் காப்பி எடுத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

அதே மூச்சில் கூகுள் கணக்கையும், ஐபோன் என்றால் ஐகிளவுட் கணக்கையும் செட்டிங்ஸில் போய் வெளியேற்றிவிட வேண்டும். பட்டனை அழுத்தி ரெகவரி மெனுவில் போய் ரீசெட் அடிப்பது அதற்கு ஈடாகாது. ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து அப்படி ரீசெட் செய்த செட் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். நல்ல போர்டு ஒன்று இப்படித்தான் உதிரிபாகத்தின் விலைக்கு இறங்குகிறது.

பேட்டரி: முதலில் கழற்றுவது, கடைசியில் மாட்டுவது

மூடியைத் திறந்ததும் எது கண்ணில் பட்டாலும் முதலில் பேட்டரி கனெக்டர். இதைத் தெரியாதவர் கிடையாது, தவறாமல் செய்பவர்தான் குறைவு. "சும்மா டிஸ்பிளேவை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்" என்று பேட்டரி இணைப்பு இருக்கும்போதே டிஸ்பிளே ஸ்ட்ரிப்பைக் கோணலாகச் சொருகுவார்கள். பின்கள் ஒரு கணம் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போதும், பேக்லைட் லைனில் இருக்கும் மணல் பருக்கை அளவு ஃபியூஸோ காயிலோ போய்விடும். அப்புறம் புது டிஸ்பிளே போட்டாலும் இருட்டு, அதற்கடுத்த டிஸ்பிளே போட்டாலும் இருட்டு. கடைக்காரர் காப்பி டிஸ்பிளேவைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன், எல்சிடி வகை என்றால் திரை மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் டிஸ்பிளே நிரபராதி. வெளிச்சத்தின் லைனைத்தான் நாம் அறுத்திருக்கிறோம்.

ஒட்டியிருக்கும் பேட்டரியைப் பெயர்ப்பதில்தான் நிஜமான ஆபத்து. சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஏதாவது தவறினாலும் எரிய உள்ளே இருக்கும் சக்தி குறைவு. உலோகக் கருவி கூடாது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் நாலைந்து சொட்டு விளிம்பில் விட்டு இரண்டு மூன்று நிமிஷம் காத்திருந்து, தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து இப்படியும் அப்படியும் அறுத்துக்கொண்டே போனால் பசை தானாக விடும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் மீதி தண்ணீர், அதைப் போர்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். உப்பிய பேட்டரியை அமுக்கி மட்டமாக்குவதும், காற்றை இறக்குகிறேன் என்று குத்துவதும் இன்றும் நடக்கிறது. குத்தினால் வெளியே வருவது எரியக்கூடிய வாயு. பெயின்ட் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்பான நெடி அடித்தால் கை வேலையை அப்படியே விட்டுவிட்டு, பேட்டரியைக் காய்ந்த மணல் போட்ட இரும்புச் சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். அந்தச் சட்டி, வேலை தொடங்கும் முன்பே பக்கத்தில் இருக்க வேண்டும்.

எடுத்த பேட்டரி வேறு எதற்காவது ஆகுமா? வளையவில்லை, உப்பவில்லை, மீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது என்றால் யோசிக்கலாம். 2.5 வோல்ட்டுக்குக் கீழே பல மாதம் கிடந்ததை வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து 'எழுப்புவது' எனக்குப் பிடிக்காத வித்தை. அவ்வளவு கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். எழுந்தது போலத் தெரியும். என்றைக்கு என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

பேட்டரியின் நெற்றியில் மஞ்சள் டேப்புக்கு அடியில் இருக்கும் சின்ன போர்டைப் பிய்த்துவிட்டு நேராகத் தகட்டில் சால்டர் வைக்கப் பார்ப்பது அடுத்தது. அந்தப் போர்டுதான் ஷார்ட்டிலிருந்தும் அதிக சார்ஜிலிருந்தும் காக்கிறது. தவிர, பிளஸ் பக்கத் தகடு அலுமினியம், சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. ஒட்டவில்லையே என்று இரும்பை வைத்து அழுத்த அழுத்தச் சூடு பேட்டரிக்குள் போகும். போர்டை விட்டுவைத்து அதன் முனையில் ஒயர் எடுங்கள்.

எடுத்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற எல்லோரும் வாங்குவது டிபி4056 மாட்யூல் என்ற சின்ன சார்ஜிங் போர்டு. போன் பேட்டரிக்கு அது சரி, 4.2 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும். ஆனால் அது வாங்கும்போதே 1 ஆம்பியரில் தள்ளும்படி அமைந்தது. புளூடூத் இயர்போனிலிருந்து எடுத்த 50 மில்லி ஆம்பியர்-அவர் பொடிப் பேட்டரியை அதில் மாட்டுவது குழந்தையின் பலூனுக்கு லாரி டயர் பம்ப்பால் காற்றடிப்பது மாதிரி. மாட்யூலில் கரண்ட்டைத் தீர்மானிப்பது 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதை 10 கிலோ ஓம் ஆக்கினால் ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். அந்த 50-க்கு இதுவும் அதிகம், இன்னும் பெரிய ரெசிஸ்டர் வேண்டும்.

இன்னொரு பழக்கம், பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டி சிசிடிவி பார்க்கவோ பாட்டுப் போடவோ வைப்பது. நல்ல யோசனைதான், ஆனால் 24 மணி நேரமும் சார்ஜரில் 100 சதவீதத்திலேயே நிற்கும் பேட்டரி, அதுவும் வெயில் படும் சுவரில், சில மாதங்களிலேயே உப்பித் திரையைத் தள்ளத் தொடங்கும். செட்டிங்ஸில் 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு டைமர் பிளக், நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் போதுமா என்று பார்த்து வையுங்கள்.

திரையை மானிட்டராக்கும் ஆசை

போன் டிஸ்பிளேவை கம்ப்யூட்டரில் மாட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் முடியாது. போன்களிலும் பெரும்பாலான மலிவு டேப்லெட்டுகளிலும் இருப்பது மிபி என்ற, போர்டிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் இணைப்பு. ஒவ்வொரு பேனலுக்கும் தனித் தொடக்கக் கட்டளைகள் வேண்டும், அவற்றுக்கான ஆவணம் பொதுவாக வெளியில் கிடைக்காது. இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. 2012இல் வந்த மூன்றாம், நான்காம் தலைமுறை ஐபேட்களின் 9.7 அங்குல பேனல், 2048 x 1536 புள்ளி. அதில் இருப்பது லேப்டாப் பாணி இடிபி இணைப்பு என்பதால் கம்ப்யூட்டரின் படத்தைப் பேனலுக்கு அனுப்பும் தனி டிரைவர் போர்டு விற்கிறார்கள், அருமையான குட்டி மானிட்டர் ஆகும். போர்டுக்கு ஆர்டர் போடும் முன் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். டேப்லெட்டின் பெயரை வைத்துத் தேடக்கூடாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று கம்பெனி பேனல்கள் வந்திருக்கும்.

நான் உடைத்த அந்த எல்சிடியின் பின்னால் இருந்த பேக்லைட் பிழைத்துக்கொண்டது. அதற்கு 5 வோல்ட் கொடுத்துப் பார்த்து, எரியவில்லை என்று குப்பைக்கு எடுத்து வைத்தேன். உள்ளே எல்இடிகள் தொடராக இருக்கின்றன என்பது பிறகுதான் உறைத்தது. ஒன்றுக்கு சுமார் 3 வோல்ட், ஆறு என்றால் 18. வோல்ட்டை உயர்த்தி, கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பூஸ்ட் மாட்யூல் வைத்து மெல்ல ஏற்றினேன், நிழலே விழாத வெள்ளை வெளிச்சம். இப்போது அது என் மேஜையில் ஸ்குரூ தேடப் பயன்படுகிறது.

ஸ்குரூ என்றதும் சொல்ல வேண்டியது: எல்லாவற்றையும் ஒரு மூடியில் கொட்டாதீர்கள். போனின் படத்தைத் தெர்மாகோல் துண்டில் வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். ஐபோன்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீள வித்தியாசம்தான் இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் ஓட்டையில் முறுக்கினால் அது போர்டின் உள் அடுக்குகளைத் துளைத்து லைனை அறுத்துவிடும்.

ஐபோன் பாகங்களுக்கு இன்னொரு சிக்கல், ஜோடி. 2013இல் ஐபோன் 5எஸ் வந்தது முதல் கைரேகை பட்டன் அதனதன் போர்டோடு மட்டும்தான் பேசும். 2016இல் 'எரர் 53' என்று பெயர் வாங்கிய விவகாரம் இதுதான். ஹோம் பட்டன் மாற்றிய போன்கள் அப்டேட்டின்போது முடங்கின, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு மீட்பு அப்டேட் விட்டது, ஆனாலும் மாற்றிய பட்டனில் கைரேகை திரும்பவில்லை. ஆகவே டிஸ்பிளே மாற்றும்போது பழைய டிஸ்பிளேவோடு பட்டனையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீரில் விழுந்த செட்டை அரிசியில் புதைப்பது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அரிசி உள்ளே போய் உப்பை எடுக்காது. பேட்டரி இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பின்களில் பச்சைப் படிவு ஏறும். உடனே திறந்து, பேட்டரியைக் கழற்றி, பல்துலக்கும் பிரஷ்ஷும் ஆல்கஹாலும். அந்த பேட்டரியை மட்டும் மறுபடி எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

பழைய போர்டுகளைச் சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ மொத்தமாக வாங்குகிறவர்கள், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. செட் உயிரோடு இருந்தால் *#06# அடித்தால் தெரியும், இல்லையென்றால் சிம் தட்டிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் முடக்கப்பட்டதா என்று காட்டிவிடும். முடக்கப்பட்டது என்று வந்தால், "எண்ணை மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னாலும் தொடாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அது குற்றம்.

எடுத்து வைக்கும் பாகத்தின் மேல் மாடல் எண்ணை அப்போதே எழுதுங்கள், செட்டிங்ஸிலும் பின்மூடியிலும் இருக்கும் நீள எண்ணை. 'நோட்', 'ப்ரோ' என்று எழுதி வைத்த டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் எது எதற்கு என்று எனக்கே தெரியாது. கேமராவின் கண்ணாடி மேல் ஒரு துண்டு டேப். ஸ்ட்ரிப்பை மடிக்காமல் தட்டையாக.

மிச்சம் எஞ்சுவது பயன்படாத போர்டும் பேட்டரியும். தங்கம் எடுக்கிறேன் என்று போர்டை எரிக்கும் வீடியோக்களைப் பார்த்து மாடியில் முயல வேண்டாம். அந்தப் புகையில் ஈயமும் டையாக்சின் என்ற நச்சும் இருக்கும். பேட்டரியின் முனைகள் மேல் டேப் ஒட்டி, மாநகராட்சிக் குப்பையில் சேர்க்காமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ கம்பெனியின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி விற்றுத் தள்ளிய கம்பெனிகளுக்கு போன், போர்டு போன்ற மின்கழிவில் பொறுப்பு உண்டு. குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்துக்குள் போய் நசுங்குகிற ஒரு போன் பேட்டரி, லாரியையே எரித்துவிடும்.