கோழி ஷெட்டில் சென்சார்: எங்கே தவறுகிறோம்?

பல்லடம், உடுமலைப் பக்கம் ஈசி ஷெட் (ஃபேனும் கூலிங் பேடும் வைத்து உள்ளே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூடிய கோழிக் கொட்டகை) போடுகிறவர்கள் இப்போது வெப்பம், ஈரப்பதம் பார்க்கும் சென்சாரையும் சேர்த்தே வாங்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் முதல் தவறு அதை மாட்டும்போதே நடந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு நேராக, ஆள் உயரத்தில் மாட்டுகிறோம். படிக்க வசதிதான், ஆனால் குஞ்சு அங்கேயா இருக்கிறது? சூடான காற்று மேலே ஏறிவிடும். திரை 33 டிகிரி காட்டும். கீழே தேங்காய் நார்த்தூளின் மேல் ஒருநாள் குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கும். அப்படிக் கிடந்தால் எண்ணை விட்டுவிட்டுக் குஞ்சை நம்புங்கள். முதல் நாட்களுக்குச் சொல்லும் 32 முதல் 34 டிகிரி என்பது குஞ்சின் முதுகு உயரத்துக் கணக்கு. கோழி வளர வளர சென்சார் கயிற்றையும் ஏற்றிக் கட்ட வேண்டும். புரூடருக்கு (குஞ்சுக்குச் சூடு தரும் சாதனம்) நேர் கீழேயோ, தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிரவைக்கும் கூலிங் பேடை ஒட்டியோ கட்டக் கூடாது. நீள ஷெட்டில் பேடு முனையும் ஃபேன் முனையும் ஒரே வெப்பத்தில் இருக்காது, அதனால் ஒரே ஒரு சென்சார் போதாது.

அடுத்தது, வெப்பத்தை மட்டும் பார்ப்பது. மார்கழிக் குளிரில் சூடு போய்விடும் என்று காற்றோட்டத்தை அடைத்துவிடுகிறோம். டிகிரி சரியாக நிற்கும், கோழி எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாயு ஏறிக்கொண்டே போகும். உள்ளேயே வேலை பார்ப்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும். அம்மோனியாவை 25 பிபிஎம்மைத் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) தாண்டவே விடக் கூடாது. இதற்குச் சிலர் சில நூறு ரூபாய் எம்.க்யூ.135 என்ற வாயு சென்சாரை நம்புகிறார்கள். அது புகைக்கும் எண் காட்டும், ஈரப்பதம் மாறினாலும் எண் மாறும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம், அளவுக்கு நம்ப முடியாது.

ஈரப்பத சென்சார் சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சென்சாரோடு ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். நாலைந்து புள்ளி தள்ளிக் காட்டினால் அந்த வித்தியாசத்தைச் சென்சார் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம், ஒரு பேட்ச் கோழி போனபின் கிருமி நீக்க ஃபார்மலின் புகை போடும்முன் எல்லாச் சென்சாரையும் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது அலாரம்தான். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், கூடவே வைஃபையும் நிற்கும், போனுக்கு எந்தச் செய்தியும் வராது. கோடை மதியத்தில் மூடிய ஷெட்டில் கோழி சாவதற்கு நிறைய நேரம் ஆகாது. பேட்டரியும் சிம்மும் உள்ள அலாரமாகப் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை, ஆள் பக்கத்தில் இருக்கும்போது, மெயினை அணைத்துப் போன் அடிக்கிறதா என்று பாருங்கள்.