ஞாயிறு பதிலுரைப் பாடலுக்கு மெட்டமைத்துப் பழக்குவது எப்படி?

மடத்தில் சங்கீதம் படித்த சிஸ்டர் ஒருவர் இருந்தால் பங்கின் பாடகர் குழாமும் அவரிடம்தான் வந்து சேரும். பகலில் பாடசாலை, பின்னேரம் வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வகுப்பு, இடையில் செபநேரங்கள். மிஞ்சும் நேரத்தில்தான் மெட்டு. அதனால் திருகோணமலைப் பங்கு ஒன்றில் ஒரு கிழமைக்குள் முடிக்கக்கூடிய அளவில் இதைச் சொல்கிறோம்.

திங்கட்கிழமையே வாசக நூலைத் திறந்து அந்த ஞாயிறுக்குரிய பதிலுரையை, அதாவது பூசையில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் திருப்பாடலில் சபை திரும்பத் திரும்பப் பாடும் அடியை, எழுதிக்கொள்ளுங்கள். திருவழிபாட்டுச் சொல்லை மாற்ற நமக்கு உரிமையில்லை. மெட்டுக்கு இடிக்கிறது என்று ஒரு ‘ஓ’வைச் செருகவும் கூடாது, இடித்தால் மெட்டைத்தான் மாற்ற வேண்டும். திருப்பாடலுக்குப் பதிலாக வேறொரு பக்திப் பாட்டை வைப்பதும் முறையல்ல. கர்நாடக இசை கோயிலுக்கு ஆகுமா என்று யாராவது கேட்டால், 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனத்தில் 119ஆம் பத்தியைக் காட்டுங்கள். மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் கொடுக்கும்படி அது கேட்கிறது.

ராகம் தேடுவதற்கு முன் சொல்லை வாய்விட்டு, பேசும் வேகத்தில், பத்துத் தரம் சொல்லிப் பாருங்கள். குறில் எது, நெடில் எது என்று அடையாளமிடுங்கள். இங்கே செலவழிக்கும் நேரம் வீண்போகாது. 23ஆம் திருப்பாடலை எடுப்போம்: ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.’ ‘என்’னை நீட்டினால் ‘ஆண்டவரே ஏன் ஆயர்’ என்று கேள்வியாகிவிடும். ‘குறை’யின் முதலெழுத்தை இழுத்தால் ‘கூறையில்லை’ என்று கேட்கும். கூறை நம் பக்கத்தில் கலியாணச் சேலை. ஆகவே ‘என்’னில் எகரத்தைக் குறுக்கிப் பிடித்து ‘ன்’னில் நில்லுங்கள். ‘கு’வுக்கு ஒரே ஒரு ஸ்வர இடம் மட்டும் கொடுங்கள்.

ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம், ஆக 16 இடம். ‘,’ வரும் இடத்தில் முந்திய ஸ்வரத்தை நீட்டுங்கள். மோகனத்தில் ஒரு மாதிரி (இரண்டாம் அடியில் வரும் ‘த’ மந்தர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி):

க , , ரி க ப , , | க , ரி , | ஸ , , , ||
ஆண் , , ட வ ரே , , | என் , ஆ , | யர் , , , ||

ஸ ரி க , , , ரி , | ஸ த ரி , | ஸ , , , ||
எ னக் கே , , , தும் , | கு றை யில் , | லை , , , ||

சபை இதை ஒரு தரம் கேட்டவுடன் திருப்பிப் பாட வேண்டும். இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை. ஒரு தரத்தில் பிடிபடாத மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிலுரைக்கு உதவாது. தோடி, சஹானா போன்ற கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த ராகங்களைத் தியானப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிலுரைக்கு மோகனம், மத்யமாவதி, சுத்த சாவேரி போதும். தவக்காலத்துக்குச் சுபபந்துவராளி பொருந்தும், ஆனால் அடி சின்னதாக இருக்க வேண்டும்.

சுருதியில்தான் அதிகம் பிழைக்கிறது. பெண்பிள்ளைகளின் வகுப்பு 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) நடக்கும், அதே பழக்கத்தில் கோயிலிலும் 5 கட்டையை வைத்துவிடுகிறோம். ஆண்களுக்கு அது மேலே எட்டாது, கீழே இறங்கினால் முனகலாகிவிடும். சபையோடு பாடும்போது 1 கட்டை அல்லது ஒன்றரைக் கட்டை வையுங்கள். மக்களின் அடி மந்தர தைவதத்துக்கு (கீழ் ‘த’) கீழேயும் மத்திய தைவதத்துக்கு (நடு ‘த’) மேலேயும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பாடலின் மற்ற வரிகளைத் தாளத்தில் அடைக்க முயல வேண்டாம். அவை வெவ்வேறு நீளமானவை. அதே ராகத்தில் விருத்தம் போலத் தனிக்குரலில் பாடி, ஒவ்வொரு பகுதியையும் ஒரே பிடியில், ‘ப க ரி’ என்று, முடியுங்கள். அந்த முடிவைக் கேட்டதும் சபைக்குத் தாங்கள் எடுக்கும் இடம் தானாகத் தெரியும். விருத்தத்தின்போது மிருதங்கம் பேசாமல் இருக்கட்டும்; முடிந்ததும் நான்கு அட்சரம் மட்டும் வாசித்துச் சபையை உள்ளே எடுக்கட்டும்.

பழக்கம் வியாழனும் சனியும், 45 நிமிடம் போதும். முதலில் சொல்லை மட்டும் சொல்ல வையுங்கள், பிறகு தாளம் போட்டுச் சொல்ல வையுங்கள், அதற்குப் பிறகே மெட்டு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஸ்வரமாகவும் பாடட்டும். பெரியவர்களை அதில் வருத்த வேண்டாம். மேலே உள்ள மெட்டில் ‘ரே’யிலிருந்து ‘என்’னுக்கு வரும்போது, ப-விலிருந்து க-வுக்குத் தாவும் வழியில் ம-வைத் தொட்டுவிடுவார்கள். மோகனத்தில் ம இல்லை. அந்த இரண்டு ஸ்வரத்தையும் தனியே எடுத்து ‘ப க, ப க’ என்று நிறுத்தி நிறுத்திப் பாட வைத்தால் சரியாகும். வராதவர்களுக்குச் சுருதிப் பெட்டியோடு ஒரு குரலில் பாடிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஆர்மோனியத்தைச் சேர்த்தால் சொல் அமுங்கும்.

தவக்காலத்தில் வாத்தியங்கள் குரலைத் தாங்குவதற்கு மட்டுமே. முன்னிசை, தனி ஆவர்த்தனம் எதுவும் கூடாது. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. அல்லேலூயாவும் பாஸ்கா திருவிழிப்பு வரை இல்லை.

கடலோர ஊரில் மிருதங்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வாடை மழை மாதங்களில் தோல் ஈரம் குடித்து வலந்தலையின் (வலப்பக்கத்தின்) சுருதி இறங்கும். கச்சான் காற்று வீசும்போது காய்ந்து ஏறும். கடல் பார்த்த யன்னலோரம் வைக்காமல் துணி உறையிட்டு உள்ளறையில் வையுங்கள். மழை நாளில் இறங்கிய சுருதியை ஒரேயடியாகத் தட்டி ஏற்றினால், கோயிலில் மின்விசிறிக் காற்றுப் பட்டதும் இன்னும் இறுகித் தோல் கிழியக்கூடும். பூசைக்கு அரைமணி முன்பே கோயிலுக்குள் கொண்டுபோய் உறையைக் கழற்றி வைத்துவிட்டு, இருபது நிமிடம் கழித்தே சுருதி சேருங்கள். தொப்பிக்கு (இடப்பக்கத்துக்கு) ரவையைக் கடைசியில் பூசுங்கள், முதலிலேயே பூசினால் பதிலுரை வருவதற்குள் காய்ந்துவிடும்.