ஃப்ரோசன் காபி காக்டெய்ல் தண்ணியா பிரிஞ்சுட்டே இருந்துச்சு, கடைசில சரியாச்சு

வோட்கா, காபி லிக்கர் (காபி ருசியில வர்ற இனிப்பு மது), ஆறின காபி, ஐஸ் எல்லாம் மிக்ஸில போட்டு அடிச்சா முதல்ல நல்லா கெட்டியாத்தான் வரும், கிளாஸ்ல ஊத்தி ரெண்டு நிமிஷம் ஆகல, மேல நுரை கீழ கலங்கல் தண்ணினு பிரிஞ்சிடும்.

ஐஸ் இன்னும் கொட்டினேன், காபி ருசியே போச்சு. மொத்தமா கலந்து டப்பால ஊத்தி ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல வச்சேன், காலைல பார்த்தா ஓரத்துல கொஞ்சம் பனி, நடுவுல தளதளன்னு தண்ணி. ஃப்ரீசர் ரிப்பேர்னு நினைச்சு ஒரு நாள் வேற வீணாச்சு.

விஷயம் ஆல்கஹால் அளவுல இருக்கு. வீட்டு ஃப்ரீசர் பொதுவா -18 டிகிரி, 40 சதவீத வோட்கா அதுல உறையவே உறையாது, நான் 90 மில்லி வோட்காவுக்கு வெறும் 60 மில்லி காபி ஊத்திட்டு இருந்தேன். இப்போ 180 மில்லி ஸ்ட்ராங் காபிய ஐஸ் ட்ரேல கட்டியாக்கிடறேன், தனி ஐஸே கிடையாது, வோட்கா 45, லிக்கர் 30, ரெண்டும் ஃப்ரீசர்ல இருந்து நேரா ஜாருக்கு.

அப்பவும் கொஞ்சம் இளகுச்சு. தற்செயலா ஜார் அடில கைய வச்சேன், பிளேடு பக்கம் வெதுவெதுன்னு இருக்கு! ஒரு நிமிஷம் விடாம ஓட்டினா அந்தச் சூடே கட்டிய கரைச்சிடுது. ஜாரையும் அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வச்சு, விட்டு விட்டு அஞ்சாறு தடவை மட்டும் அடிச்சேன், கடைசி வாய் வரைக்கும் கெட்டியாவே இருந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.