டெல்டா ஊரில் அர்பன் டிசைன் தீசிஸ்: மட்டம் எடுத்துவிட்டு மேப் வரையுங்கள்

பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) முடித்தவர்களுக்கு எம்.ஆர்க். அர்பன் டிசைன் (நகர வடிவமைப்பு) இரண்டு ஆண்டுப் படிப்பு, நான்கு செமஸ்டர். டெல்லி எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) போன்ற இடங்களுக்கு கேட் தேர்வில் ஆர்க்கிடெக்சர் - பிளானிங் தாளை எழுத வேண்டும். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சேர்வதில் பெரிய சிக்கல் இல்லை. சொந்த ஊர்தானே என்று கும்பகோணத்தையோ திருவாரூரையோ தீசிஸுக்கு எடுக்கும்போதுதான் சறுக்கல் தொடங்குகிறது.

முதலில் அளவு. முழு ஊரையும் எடுக்காதீர்கள். ஒரு குளம், அதைச் சுற்றிய தெருக்கள், குளத்துக்கு வரும் வாய்க்கால், இவ்வளவு போதும். தனியாளாக அளக்க 20 முதல் 25 ஹெக்டேர் வரை தாங்கும்.

டெல்டாவில் நிலம் தட்டையானது. தஞ்சைக்குக் கிழக்கே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு கிடையாது. அப்படியென்றால் 300 மீட்டர் தெருவில் இயல்பான வாட்டம் 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டாலே அது தலைகீழாகிவிடும். குளத்துக்குப் போக வேண்டிய மழைநீர் திண்ணைக்கு வரும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் கான்டூர் (சம உயரக் கோடு) வரைந்து ஒட்டுவது இங்கே வெறும் அலங்காரம்தான். 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு எண், அதுவும் பெரும்பாலும் முழு மீட்டரில். நீங்கள் தேடுவதோ சாண் கணக்கு.

ஆட்டோ லெவல் (முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும்: உள்ளே நீர் தெரியும் 15 மீட்டர் பிளாஸ்டிக் டியூப், இரண்டு பேர், இரண்டு டேப். தண்ணீர் நிரப்பியதும் இரு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். நீர்மட்டம் ஒன்றாக நிற்காவிட்டால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது, தட்டி வெளியேற்றுங்கள். பிறகு தரையிலிருந்து நீர் வரை இரு முனையிலும் அளக்க வேண்டும். இங்கே 92 சென்டிமீட்டர், அங்கே 97 என்றால் அந்த இடம் 5 சென்டிமீட்டர் பள்ளம். கோபுர வாசல்படியில் தொடங்கிக் குளக்கரை வரை போய், வேறு தெரு வழியாக அதே படிக்குத் திரும்புங்கள். கணக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் இடித்தால் மறுபடி அளப்பதைத் தவிர வழியில்லை.

போகிற போக்கில் ஒவ்வொரு வீட்டிலும் சாலைக்கு மேல் எத்தனை படி மிச்சம் என்று குறியுங்கள். தெரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

இரண்டு முறை போக வேண்டும். மே மாதம் வாய்க்கால் காய்ந்திருக்கும்; மதகின் அகலம், தூர்ந்த குழாய், வீட்டுச் சுவர் விழுங்கிய கரை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நவம்பரில் நீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது வழக்கம் என்றாலும் கடைமடைக்கு நீர் வந்துசேர நாளாகும். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். நீர்வழி தரைக்கு அடியிலும் இருக்கலாம். தஞ்சையில் சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன்குளத்துக்கு அப்படித்தான் போகிறது.

தேரோடும் வீதியை நடுவில் மட்டும் அளந்தால் போதாது. முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவது மூலையில்தான். அங்கே மூலைவிட்டத்தையும் அளங்கள். மின்கம்பி உயரம் தெருவின் குறுக்குவெட்டுப் படமான செக்‌ஷனில் கட்டாயம் வர வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சாலை ஏறினால் கம்பி இறங்கியதாகத்தான் அர்த்தம்.

ஆள் எண்ணிக்கையை 15 நிமிடக் கணக்காக, காலையும் மாலையும் எடுங்கள். சாதாரண நாள் ஒன்று, முகூர்த்த நாள் ஒன்று, பிரதோஷம் ஒன்று. முகூர்த்த நாளை மட்டும் எண்ணிவிட்டு நடைபாதை அகலம் சொன்னால் எடுபடாது.

கட்டடத்தைக் கருப்பாகவும் வெற்றிடத்தை வெள்ளையாகவும் காட்டும் ஃபிகர்-கிரவுண்ட் மேப் கடைசியில். நில அளவைப் புலப்படத்தில் மனை எல்லை இருக்கும், கட்டடம் இருக்காது. சாட்டிலைட் படத்தில் கூரை தெரியும், அதன் அடியிலுள்ள திண்ணை தெரியாது. இரண்டையும் தெருவில் நின்று திருத்துங்கள்.

ஷீட்டில் ஒரு எச்சரிக்கை. 300 மீட்டர் தெருவை 1:500-ல் வரைந்தால் 60 சென்டிமீட்டர் நீளம் வரும். 30 சென்டிமீட்டர் சரிவோ 0.6 மில்லிமீட்டர், பேனா கோட்டின் தடிமன். உயரத்தை மட்டும் 1:50-ல் வரைந்தால் 6 மில்லிமீட்டராகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கியதை அதே ஷீட்டில் எழுதிவிடுங்கள்; விட்டால் ஜூரியில் (மதிப்பீட்டுக் குழு) முதல் கேள்வி அதுதான்.