நார்கண்டாவில் பனி, ஹாட்டுவில் நடை

டிசம்பர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து எங்கள் டெல்லி ஜனக்புரி வீட்டுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சித்தி, பனி பார்க்கணும், சிம்லா கூட்டிட்டுப் போறீங்களா?" சிம்லாவோடு திரும்பிவிடாதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. மால் ரோட்டில் பனி கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். பக்கத்திலுள்ள குஃப்ரியில் பனியைவிடக் குதிரைச் சாணிதான் அதிகம். சிம்லாவிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம் போனால் நார்கண்டா. அதன் கடைத்தெருவே ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637தான். அதற்கும் மேலே ஹாட்டு சிகரம், சுமார் 3,400 மீட்டர்.

டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் ராத்திரி நார்கண்டா வழியாக ராம்பூர் அல்லது ரெகாங் பியோ போகும் ஹிமாசல் பஸ்ஸில் ஏறினால், சிம்லாவில் இறங்கி மாறவே வேண்டாம். பர்வானூ தாண்டியதும் வளைவுகள் வயிற்றைப் புரட்டும். முன்பக்க சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். ரயில் பைத்தியங்கள் கால்காவிலிருந்து 1903-ல் திறந்த குட்டி ரயிலில் போகலாம். 96 கிலோமீட்டர், 102 சுரங்கப்பாதைகள், ஆனால் சிம்லா வரைதான்.

பஸ் ஏறும் முன்பே பக்கத்திலுள்ள மொனாஸ்டிரி மார்க்கெட்டில் கம்பளித் தொப்பி, கையுறை வாங்கிவிடலாம். உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். ஏறும்போது வேர்வையில் நனையும், நின்றதும் முதுகில் ஐஸாக ஒட்டிக்கொள்ளும். தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். புளியோதரை கட்டிக்கொண்டு வருபவர்களிடம் நான் வாதாடுவதில்லை, ஆனால் மலையில் சோறு விறைத்துப்போகும். கடலை மிட்டாயும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும்தான் கைகொடுக்கும்.

ஹாட்டுவுக்கு நடக்க நல்ல காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை, மழை முடிந்த பிறகு நவம்பர் வரை. கார் உச்சிவரை போகும். போகட்டும், நீங்கள் நடங்கள். ஆறேழு கிலோமீட்டர், தேவதாருவும் ஓக்கும் அடர்ந்த காடு, கிட்டத்தட்ட 700 மீட்டர் ஏற்றம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்று மூச்சு வாங்கினால் நில்லுங்கள். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் உச்சியைப் பார்க்கும் ஆசையை விட்டு இறங்கிவிடுங்கள். மேலே மரச்சிற்பங்களோடு ஹாட்டு மாதா கோயில். மண்டோதரிதான் இந்த மாதா என்பார்கள். பக்கத்திலேயே பீமன் அடுப்பு என்று சில பாறைகள். பாண்டவர்கள் சமைத்தார்களாம். வானம் தெளிந்திருந்தால் வடக்கே வெள்ளை மலைகள் வரிசையாகத் தெரியும்.

பனிக்காலத்தில் இதே சாலை மூடிக்கிடக்கும். அப்போது உள்ளூர் ஆள் துணையில்லாமல் ஏறாதீர்கள். முந்தின நாள் உருகிய தண்ணீர் ராத்திரியில் உறைந்து, நிழல் விழும் திருப்பங்களில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாகக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு கிளம்பி, நாலு மணிக்குள் கடைத்தெருவுக்கு வந்துவிட வேண்டும்.

பனிச்சறுக்குக்கு ஜனவரி, பிப்ரவரி. ஊரை ஒட்டிய சரிவிலேயே சறுக்குப் பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும், கற்றுத்தர ஆளும் கிடைப்பார். பூட்ஸில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் நுனி லேசாக முன்னால் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் விடுபட வேண்டும். குதிகால் தூக்கிக்கொண்டு வந்தால் பெரிய சைஸ், மாற்றச் சொல்லுங்கள். அடுத்து, இரண்டு பலகைகளின் முன்நுனிகளையும் நெருக்கமாக வைத்துப் பின்பக்கத்தை அகட்டுங்கள், அதுதான் பிரேக். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் வேகம் கூடுமே தவிரக் குறையாது. முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்தும்படி முன்னால் வளையுங்கள். விழத்தான் போகிறீர்கள், பக்கவாட்டில் விழுங்கள். எழுந்திருக்கும் முன் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே, உங்களுக்குக் கீழே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் எழும்போதே வழுக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் தெறிக்கும் வெயில் கண்ணை எரித்துவிடும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

திரும்பும்போது நார்கண்டாவில் டெல்லி பஸ்ஸுக்கென்று காத்திருக்காதீர்கள், ராம்பூரிலேயே நிரம்பி வரும். சிம்லாவுக்கு எது வந்தாலும் ஏறி, டூட்டிக்கண்டி நிலையத்தில் டெல்லி பஸ் பிடியுங்கள்.